வீட்டைக் காட்டும் முன்பே புரோக்கர் ஆதார், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்: எதைக் கொடுக்கலாம்? (சேலம், ஏற்காடு)

அழகாபுரம்_வாடகை (கேள்வி)

அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், அஸ்தம்பட்டி பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு வாடகைக்குப் பார்க்கிறோம். பட்ஜெட் மாசம் 15 ஆயிரம். புரோக்கர்கள் எல்லாருமே வீட்டைக் காட்டுவதற்கு முன்னாடியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது: கணவன், மனைவி ரெண்டு பேர் ஆதாரும் முன்பக்கம் பின்பக்கம், பான் கார்டு, மூணு மாச சம்பளச் சீட்டு, ஆறு மாச பேங்க் ஸ்டேட்மென்ட், குடும்ப போட்டோ. கேட்டால் "ஓனர் கேக்கறாருங்க, டாக்குமென்ட் வந்தாத்தான் சாவி வாங்க முடியும்" என்கிறார்கள்.

இதில் எது உண்மையிலேயே தேவை? எதை மறுக்கலாம்? கொடுக்கத்தான் வேண்டும் என்றால் எந்த வடிவத்தில் கொடுப்பது?

இன்னொன்று. ஏற்காட்டில் அம்மா பெயரில் ஒரு வீட்டுமனை இருக்கு, விற்கணும். அங்கே புரோக்கர் பட்டா, மூலப்பத்திரம், அம்மாவின் ஆதார் எல்லாத்துக்கும் ஒரு செட் ஜெராக்ஸ் கேட்கிறார். அதையும் சேர்த்துச் சொன்னால் உதவியா இருக்கும்.

---

சூரமங்கலம்_ஒப்பந்தம்

முதலில் ஒன்றைத் தெளிவா வெச்சுக்குங்க. வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில். புரோக்கர் அதில் கையெழுத்துப் போடுவதில்லை. அவருக்கு வேண்டியது கமிஷனும், நீங்கள் வீட்டுக்குப் பொருத்தமான ஆளா என்ற விவரமும்தான். அடையாள நகல் அவர் போனில் தங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இதை மனசில் வெச்சுக்கிட்டு கட்டம் கட்டமாப் பாருங்க.

வீடு பார்க்கும் கட்டத்தில் பெயர், ஒரு போன் நம்பர், எத்தனை பேர் குடிவருவீங்க, என்ன வேலை, எப்போதிலிருந்து வேணும், வண்டி எத்தனை. அவ்வளவுதான். வேலை என்றால் "தனியார் பேங்க்", "அரசுப் பள்ளி" என்று சொன்னால் போதும், கிளைப் பெயரும் பணியாளர் எண்ணும் வேண்டாம். புரோக்கர் ரொம்ப வற்புறுத்தினால், வீட்டு வாசலில் ஆதாரைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு அப்போதே வாங்கிக்குங்க. போட்டோ எடுக்க விடவேண்டாம்.

வாடகையும் அட்வான்ஸும் பேசி முடிந்த பிறகுதான் நகல். அதுவும் நேரா வீட்டுக்காரர் கையில். வீட்டுக்காரர் பெங்களூரு, வெளிநாடு என்று தூரத்தில் இருந்தால் அவர் நம்பரை வாங்கி அவருக்கே அனுப்புங்க. நம்பரைத் தர புரோக்கர் தயங்கினால், கமிஷனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் கொடுத்துவிடுவதாக முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. அவருடைய பயம் பெரும்பாலும் தன்னைத் தவிர்த்துவிட்டு ரெண்டு பேரும் பேசி முடிச்சிடுவாங்களோ என்பதுதான். அந்தப் பயத்தை இப்படித் தீர்க்கலாம். அதுக்காக உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை அவரிடம் அடகு வைக்க வேண்டியதில்லை.

இனி ஒவ்வொண்ணா:

ஆதார்: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவருடையது மட்டும், எண் மறைத்த நகலாக. மனைவி கையெழுத்துப் போடவில்லை என்றால் அவர் பெயரைச் சொன்னால் போதும்.

பான்: 15 ஆயிரம் வாடகையில் உங்கள் பான் எண்ணால் வீட்டுக்காரருக்கு வரிக் கணக்கில் எந்த வேலையும் இல்லை. விஷயம் நேர்மாறானது. வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், சம்பளத்தில் வீட்டுவாடகைப் படிக்கு (எச்.ஆர்.ஏ.) வரிவிலக்குக் கேட்க *அவருடைய* பான் எண் *உங்களுக்கு* வேணும். உங்களுக்கு வருஷத்துக்கு 1,80,000 வருது, அதனால் ஒப்பந்தம் போடும்போதே கேட்டு வாங்கிக்குங்க. மாச வாடகை 50,000-க்கு மேல் போனால் வாடகைதாரர் 2 சதவீதம் வரி பிடித்துக் கட்டணும். அப்போதுதான் ரெண்டு பேர் பானும் ஒரே படிவத்தில் வரும்.

சம்பளச் சீட்டு: வாடகை கட்டும் வசதி இருக்கா என்று வீட்டுக்காரர் தெரிஞ்சுக்க நினைப்பது நியாயம். கடைசி மாசச் சீட்டு ஒண்ணு போதும். அதில் பேங்க் கணக்கு எண், பான், பி.எஃப். எண் மூணையும் மறைச்சிடுங்க. நிறுவனப் பெயரும் கைக்கு வரும் தொகையும் தெரிந்தால் போதும்.

பேங்க் ஸ்டேட்மென்ட்: கொடுக்காதீங்க. இதில் மட்டும் இறங்கிவர வேண்டாம். எந்த டாக்டரிடம் போறீங்க, எந்த மருந்துக்கடை, எவ்வளவு இ.எம்.ஐ., யாருக்கு யு.பி.ஐ.யில் பணம் அனுப்பறீங்க, எந்தத் தேதியில் கணக்கில் எவ்வளவு இருக்கும், எல்லாமே அதில் இருக்கு. அதோடு கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., பதிவு செய்த முகவரி. பேங்கிலிருந்து பேசுவதுபோல் நடித்து ஏமாற்றுபவனுக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. வீட்டுக்காரருக்கு நம்பிக்கை வேணும் என்றால் அட்வான்ஸ் அதற்குத்தான் இருக்கு. தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வேறு உடன்பாடு இல்லாதபட்சத்தில் மூணு மாச வாடகை வரை வாங்கலாம்.

குடும்ப போட்டோ: தேவையே இல்லை. குழந்தைகள் படத்தை புரோக்கருக்கு அனுப்புவது, முகம் தெரியாத ஆட்கள் நிறைந்த வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதற்குச் சமம்.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் வருஷத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் இணையவழியில் பதியணும். அந்தப் படிவத்தில் அடையாள விவரம் கேட்டால் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து நீங்களே நிரப்புங்க. "நான் பதிஞ்சு தரேன், எல்லாம் அனுப்புங்க" என்று புரோக்கர் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டாம்.

---

ஐந்துரோடு_நகல்

மேலே சொன்னது சரி. எண் மறைத்த நகல் எடுப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க, அதை மட்டும் விரிவா எழுதறேன்.

நல்ல வழி, மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போய், ஆதார் பதிவிறக்கத்தில் "மாஸ்க்டு ஆதார்" என்ற கட்டத்தை டிக் செய்து இறக்குவது. முதல் எட்டு இலக்கம் எக்ஸ் குறியாக வரும், கடைசி நாலு மட்டும் தெரியும். பி.டி.எஃப். கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நாலு ஆங்கில எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருஷம். பெயரும் பிறந்த வருஷமும் தெரிந்த யாரும் இதைத் திறக்கலாம். அதனால் "கடவுச்சொல் போட்ட ஃபைல்தானே" என்று மறைக்காத ஆதாரை அனுப்பாதீங்க.

கார்டை வெச்சு நகல் எடுத்தால் கவனிக்க வேண்டியது: எண் ஒரு இடத்தில் மட்டும் இல்லை. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டிலும் இருக்கு. பெரிய தாளில் வந்த ஆதார் என்றால் மேல்பாதியிலும் தனியா இருக்கும். அதன் கீழே 16 இலக்க வி.ஐ.டி. (ஆதார் எண்ணுக்குப் பதிலாகப் பயன்படும் எண்) அச்சாகியிருந்தால் அதையும் மூடணும். பழைய கடிதங்களில் க்யூஆர் குறிக்குள் முழு எண்ணும் இருக்கலாம், அதையும் மறைச்சிடுங்க. இப்போது இறக்கும் ஆதாரில் உள்ள க்யூஆரில் பெயர், பிறந்த தேதி, முகவரி, படம், கடைசி நாலு இலக்கம்தான் இருக்கும், அது பரவாயில்லை. வீட்டுக்காரருக்கு நகல் உண்மையா என்று பார்க்கணும் என்றால் ஆதாரை வழங்கும் யு.ஐ.டி.ஏ.ஐ. அமைப்பின் செயலியில் அந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பார்த்துக்கலாம். வெறும் ஜெராக்ஸை எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் அது அசலா போலியா என்று தெரியாது.

மறைக்கும் முறை: ஜெராக்ஸ் எடுத்த பிறகு பேனாவால் அடிக்காதீங்க. தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் எண் தெரியும். ஒரு சின்னத் துண்டுத் தாளை எண் மேல் வெச்சு, *அப்புறம்* ஜெராக்ஸ் போடுங்க. போனில் என்றால் ஹைலைட்டர் மாதிரிப் பேனா வேண்டாம். அது பார்க்கக் கறுப்பாத்தான் இருக்கும், பிரைட்னஸ், எக்ஸ்போஷரை ஏத்தினால் அடியில் உள்ள எண் எட்டிப் பார்க்கும். முழுசா அடைத்த கட்டத்தை வெச்சு மூடி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புங்க. பி.டி.எஃப். மேல் கறுப்புக் கட்டம் போட்டு அப்படியே அனுப்பினால், எதிராளி அந்தக் கட்டத்தை நகர்த்திவிட்டுப் படிச்சிடலாம்.

அடுத்து, எதற்குக் கொடுத்தது என்று நகலின் மேலேயே எழுதுங்க: "அழகாபுரம், கதவு எண் இன்னது, வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்", வீட்டுக்காரர் பெயர், தேதி, கையெழுத்து. ஓரத்து வெள்ளையிடத்தில் எழுதினால் பயனில்லை, அதை வெட்டிவிட்டு மறுபடி ஜெராக்ஸ் போட ஒரு நிமிஷம் ஆகாது. படத்தின் மேலும் முகவரியின் மேலும் குறுக்கே போகணும், ஆனால் எழுத்து படிக்கத் தெரியணும். இப்படி எழுதிய நகலை சிம் வாங்கவோ கடன் வாங்கவோ கொண்டுபோனால் பார்க்கிறவருக்கு உடனே இடிக்கும்.

ஜெராக்ஸ் கடையைப் பற்றி ஒண்ணு. கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ ஃபைலை அனுப்பி பிரின்ட் எடுத்தால், அது கடைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். அடுத்து வர்றவர் தன் ஃபைலைத் தேடும்போது உங்க ஆதார் திரையில் ஓடும். பிரின்ட் வந்ததும் கடைக்காரரிடம் சொல்லி டவுன்லோட்ஸிலும் ரீசைக்கிள் பின்னிலும் அழிக்கச் சொல்லி, நின்னு பார்த்துட்டு வாங்க. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கோணலா விழுந்த பிரின்ட்டையும் விட்டுட்டு வராதீங்க, அது பழைய பேப்பர்க் கட்டோடு போய் எங்கேயோ பொட்டலம் மடிக்கப்படும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியே ஆகணும் என்றால், படமாக, "ஒருமுறை மட்டும் பார்க்க" என்ற வசதியில் அனுப்புங்க. பி.டி.எஃப்.புக்கு அந்த வசதி கிடையாது. இன்னொரு போனால் திரையைப் படம் எடுத்தால் அதுவும் தடுக்காது, ஆனா சோம்பலில் குரூப்புக்கு ஃபார்வேர்ட் செய்வதைத் தடுக்கும். நடைமுறையில் பாதிப் பரவல் அந்தச் சோம்பலில்தான் நடக்குது. மறையும் செய்தி வசதியை மட்டும் நம்பாதீங்க. அவர் போனில் கேலரியில் ஏற்கெனவே சேமிப்பாகிவிட்ட படம் அங்கேயேதான் இருக்கும்.

---

கிரையம்_வில்லங்கம்

ஏற்காட்டு மனையைப் பற்றி.

நிலம் விற்பதில் எது ஏற்கெனவே பொதுவில் இருக்கு, எது இல்லை என்று பிரிச்சுப் பார்க்கணும். சர்வே எண் தெரிந்தால் வில்லங்கத்தை பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் யாரும் இலவசமாப் பார்க்கலாம். அதில் விற்றவர், வாங்கியவர் பெயர், ஆவண எண், தொகை எல்லாம் வரும். பட்டாவும் அரசுத் தளத்தில் பார்க்கக் கூடியதுதான். ஏற்காடு மலைப்பகுதி என்பதால் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) அனுமதி உண்டா என்று வாங்குபவர் கட்டாயம் கேட்பார். அந்த அனுமதி நகல், மனை வரைபடம், பட்டா, சர்வே எண் இதையெல்லாம் தாராளமாக் கொடுங்க. மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

அம்மாவின் ஆதார், பான், போன் நம்பர், மூலப்பத்திரத்தின் முழு நகல் ஆகியவை வேறு வகை. புரோக்கருக்கு இதில் ஒன்றுமே தேவையில்லை. ஆதார் கிரையத்தன்று சார்பதிவகத்தில். பான் வாங்குபவருக்கு, கிரைய ஒப்பந்தம் போடும்போது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டணும், அந்தப் படிவத்துக்கு விற்பவர் பான் வேணும். மூலப்பத்திர நகல் வாங்குபவரின் வக்கீலுக்கு, அதுவும் டோக்கன் (முன்பணம்) கைமாறிய பிறகு, எழுத்தில் வாங்கிக்கொண்டு. அசலை வக்கீல் பார்க்கணும் என்றால் நீங்க எடுத்துப்போய்க் காட்டி, கையோடு எடுத்து வந்திடுங்க.

மூலப்பத்திரத்தை ஏன் இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்கணும் என்றால், விரல்ரேகை. பதிவுச் சட்டத்தின் 32ஏ பிரிவுப்படி கிரையப் பத்திரத்தில் இரு தரப்பின் புகைப்படமும் விரல்ரேகையும் பதியணும். பல பத்திரங்களில் ஆதார் எண்ணையும் முழுசா எழுதி வெச்சிருப்பாங்க. ஆதார் எண், எந்த பேங்க், விரல்ரேகை மூணும் இருந்தால் ஆதார் வழிப் பணப் பட்டுவாடா முறையில் ஓ.டி.பி. இல்லாமலே கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். நிலப் பத்திரங்களில் இருந்த ரேகையை சிலிக்கானில் அச்செடுத்து இப்படிப் பணம் எடுத்த வழக்குகள் வேறு மாநிலங்களில் நடந்திருக்கு. வயதானவர்கள் கணக்கு இதில் எளிதா மாட்டும், குறுஞ்செய்தியை அவர்கள் உடனே பார்ப்பதில்லை.

அதனால் ரெண்டு வேலை. ஒன்று, அம்மாவின் ஆதாரில் பயோமெட்ரிக் பூட்டு போடுங்க. மைஆதார் தளத்திலோ ஆதார் செயலியிலோ ஓ.டி.பி. கொடுத்துப் பூட்டலாம். கட்டணம் இல்லை. தேவைப்படும்போது தற்காலிகமாத் திறந்தால் 10 நிமிஷத்தில் தானாப் பூட்டிக்கும். சார்பதிவகத்தில் விரல்ரேகைச் சரிபார்ப்பு கேட்டால், வரிசையில் உங்கள் முறை வந்த பிறகு திறங்க. முன்னாடியே திறந்து வெச்சால் கருவிகிட்ட போறதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். கருவியில் 330 என்று பிழை எண் வந்தால் பூட்டு இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு விஷயம், ரேஷன் கடையிலும் கைரேகைதான். பூட்டியிருப்பது தெரியாமல் அம்மா போய் நின்றால் "ரேகை விழல" என்று திருப்பி அனுப்பிடுவாங்க. கார்டில் உள்ள இன்னொருவர் கைவைக்கலாம், இல்லை அன்றைக்கு மட்டும் திறந்துக்கலாம்.

ரெண்டாவது, புதுக் கிரையப் பத்திரத்தில் பத்திர எழுத்தரிடம் ஆதாரின் கடைசி நாலு இலக்கத்தை மட்டும் எழுதச் சொல்லுங்க. பதிவான கிரையப் பத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு நகல் வாங்கலாம் என்பதை மறந்துடாதீங்க. வரைவை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடும் வழக்கமும் இருக்கு. அதில் பான், முகவரி, போன் எல்லாம் டைப் ஆகியிருக்கும். எழுத்தர் அலுவலகத்திலேயே உட்கார்ந்து படித்துத் திருத்துவது நல்லது. விடவே முடியாது என்றால் அடையாள எண்களைக் காலியா விட்ட வரைவை அனுப்பச் சொல்லி, கடைசியில் நிரப்பச் சொல்லுங்க.

மனையின் போட்டோவை "டாக்குமென்ட்" ஆக அனுப்பினால் படம் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். அதோடு போகும். சாதாரண படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதை நீக்கிவிடும். காலி மனைக்கு இது பெரிசில்லை. ஆள் இல்லாத எஸ்டேட் வீட்டை, பூட்டின காட்டேஜை விற்பனைக்குப் போடுறவங்க கட்டாயம் கவனிக்கணும்.

---

கன்னங்குறிச்சி_ஓனர்

வீட்டுக்காரர் பக்கமும் பேசணும் இல்லீங்களா. யாருக்கு வீடு விடுறோம்னு தெரியாமல் சாவியைக் கொடுக்க முடியாது. நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா போலீஸ் முதலில் எங்க கதவைத்தான் தட்டும். வாடகைதாரர் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். சேலம் மாநகர எல்லைக்குள்ள என்றால் மாநகரக் காவல், ஏற்காடு என்றால் மாவட்டக் காவல். இதுக்கு வாடகைதாரரின் அடையாளமும் முந்தைய முகவரியும் வேணும். ஆனா இது எதுவும் புரோக்கர் வழியா வரணும்னு இல்லை, அதை ஒத்துக்கறேன்.

ஓனர்களும் புரோக்கரிடம் ஏமாறுற இடம் இருக்கு. வீட்டு வரி ரசீது, கரன்ட் பில் ரெண்டையும் "பார்ட்டிக்குக் காட்டணும்" என்று படம் எடுத்துக்குவாங்க. அந்த ரெண்டும் உள்ளே எடுத்த நாலு போட்டோவும் இருந்தால், யார் வேணும்னாலும் தன்னை ஓனர்னு சொல்லி வெளியூர்க்காரங்ககிட்ட டோக்கன் வாங்கிட்டு மறைஞ்சிடலாம். கரன்ட் பில்லில் சர்வீஸ் எண்ணை மறைங்க, வரி ரசீதில் மதிப்பீட்டு எண்ணை மறைங்க. உள்ளே போட்டோ எடுக்கும் முன்னாடி வைஃபை பெட்டி மேல் ஒட்டின கடவுச்சொல், கேஸ் புக், காலண்டரில் குறிச்சு வெச்ச நம்பர், வாசலில் நிற்கும் வண்டியின் எண், பிள்ளைங்க ஸ்கூல் சர்டிபிகேட், இதெல்லாம் கண்ணில் படுதான்னு ஒருதரம் சுத்திப் பாருங்க. வாடகைதாரர் இன்னும் குடியிருக்கும்போது வீட்டைப் படம் எடுக்க புரோக்கரை அனுப்பறதாயிருந்தா அவங்ககிட்ட முதல்லயே கேட்டுடுங்க. அது அவங்க வீட்டுப் பொருள்.

ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி சேர்த்தால் ரெண்டு பேருக்கும் நல்லது: "வாடகைதாரர் அளித்த அடையாள நகல்கள் இவ்வொப்பந்தத்துக்கும் காவல்துறைச் சரிபார்ப்புக்கும் மட்டுமே பயன்படுத்தப்படும், வீட்டைக் காலி செய்து அட்வான்ஸ் கணக்கு முடிக்கும் நாளில் நகல்கள் திருப்பித் தரப்படும்."

---

மெய்யனூர்_வாசகி

ஏற்கெனவே எல்லாத்தையும் அனுப்பிட்டவங்க என்ன பண்றது? வீடு தேடும் ஆப்பில் நம்பர் கொடுத்த நாளிலிருந்து பிளாட், லோன், இன்டீரியர் என்று போன் நிற்காதவங்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்க.

---

சூரமங்கலம்_ஒப்பந்தம்

அனுப்பி ரெண்டு நாளுக்குள் என்றால் வாட்ஸ்அப்பில் "எல்லோருக்கும் அழி" இன்னும் வேலை செய்யும். அதற்கு மேல் என்றால் புரோக்கருக்கு எழுத்தில், போன் பேச்சில் இல்லை, "வீடு முடியவில்லை, என் நகல்களை அழித்துவிட்டு உறுதி செய்யுங்கள்" என்று அனுப்புங்க. அழித்தாரோ இல்லையோ, பின்னால் புகார் கொடுக்கும் நிலை வந்தால் அந்தச் செய்தி பயன்படும்.

பிறகு கண்காணிப்பு. மைஆதாரில் சரிபார்ப்பு வரலாறு பாருங்க, கடந்த ஆறு மாசத்தில் எங்கே உங்கள் ஆதார் சரிபார்க்கப்பட்டது என்று வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுது என்று தெரியும், உங்களுடையது இல்லாததை அங்கேயே குறிச்சு முடக்கச் சொல்லலாம். பான் போயிருந்தால் கிரெடிட் ரிப்போர்ட் முக்கியம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாத் தரணும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாலையும் ஒரே நாளில் எடுக்காமல் மூணு மாசத்துக்கு ஒண்ணா எடுத்தால் வருஷம் முழுக்கக் கண் வெச்சிருக்கலாம். அதில் நீங்க கேட்காத கடனுக்கு விசாரணை பதிவாகியிருந்தால் அந்த நிறுவனத்துக்கும் கிரெடிட் நிறுவனத்துக்கும் உடனே மறுப்பு எழுதுங்க. பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ நிமிஷக் கணக்கில் கூப்பிடணும்.

போன் தொல்லைக்கு: தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டி.என்.டி. (தொந்தரவு செய்யாதே) செயலியில் ரியல் எஸ்டேட் என்று தனி வகையே இருக்கு, அதைத் தடுத்து வையுங்க. அதற்குப் பிறகும் பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பர அழைப்பு வந்தால் ஏழு நாளுக்குள் செயலியிலோ 1909-லோ புகார் கொடுக்கணும், தேதியும் நம்பரும் வேணும். நம்பரைப் பிளாக் மட்டும் செய்தால் அவர் வேறொருத்தருக்குப் போடுவார், அவ்வளவுதான். வீடு கிடைச்சதும் ஆப்பை நீக்கினால் கணக்கு அழியாது. உள்ளே போய்க் கணக்கை அழிக்கணும். புதுசா ஆரம்பிக்கிறவங்க வீடு தேடுறதுக்கென்று தனி சிம் வெச்சுக்கறது நல்லது, ஆனா அந்த நம்பரை பேங்க்கிலோ ஆதாரிலோ இணைக்காதீங்க.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமா: டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எதற்கு வாங்குறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கணும், தேவைக்கு மேல் கேட்கக் கூடாது, கேட்டால் அழிக்கணும் என்ற முக்கியக் கடமைகள் 18 மாசம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். போனில் நகல்களை வெச்சு வியாபாரம் செய்யும் தனி புரோக்கருக்கும் அது பொருந்தும், சொந்த வீட்டு உபயோகத்துக்குத்தான் விலக்கு. உங்கள் அடையாளத்தைப் பயன்படுத்தி ஆள்மாறாட்டம் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் இப்போதே மூணு வருஷம் வரை சிறை உண்டு. டி.என்.ரெரா (தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு புது லேஅவுட், அடுக்குமாடித் திட்டங்களை விற்கும் முகவர்களுக்குத்தான். வாடகை புரோக்கரிடம் ரெரா எண் கேட்டுப் பயனில்லை.

---

அழகாபுரம்_வாடகை

ரொம்ப உதவியா இருக்குங்க. புரோக்கரிடம் முகம் சுளிக்காமல் சொல்ல ஒரு வாசகம் யாராவது எழுதிக் கொடுங்களேன்? மறுத்தால் நல்ல வீட்டைக் காட்டாமல் விட்டுவிடுவாரோ என்று வீட்டில் பயப்படுறாங்க.

---

கன்னங்குறிச்சி_ஓனர்

இதை அப்படியே அனுப்புங்க:

"வணக்கம்ங்க. நாங்க ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தை. தனியார் கம்பெனி வேலை. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி குடிவரணும். வாடகை 15 வரை, அட்வான்ஸ் மூணு மாசம் தயார். வீடு பார்க்க வரும்போது ஆதார் அசல் கையில் கொண்டு வரேன், பார்த்துக்கலாம். வீடு பிடிச்சு ஓனர்கிட்ட பேசி முடிச்ச அன்னைக்கே நகலும் சம்பளச் சீட்டும் ஓனர் கையில் கொடுத்திடறேன். உங்க கமிஷன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் தந்திடறேன்."

இதில் ஒரு ஓனருக்கு வேண்டிய முக்கியமான நாலும் இருக்கு: ஆள் யார், எத்தனை பேர், எப்போ வருவாங்க, காசு தயாரா. கமிஷன் எப்போன்னும் சொல்லியாச்சு. அஸ்தம்பட்டி, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரே வீட்டுச் சாவி பெரும்பாலும் ரெண்டு மூணு புரோக்கர்கிட்ட இருக்கும். இதுக்கும் ஒருத்தர் "முதல்ல பேங்க் ஸ்டேட்மென்ட்" என்றால் அடுத்தவருக்குப் போன் பண்ணுங்க, இல்லைன்னா அந்தத் தெருவிலேயே சாயங்காலம் ஒரு நடை போய் டு-லெட் போர்டில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிடுங்க.